பசிக்கு இடம் கண்ட பேரறிஞர்

இடையஞ்சாவடியில் பிறந்த எனக்குப் பசி என்றால் வயிறுதான் நினைவுக்கு வரும். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு வரும் என் தந்தை, வாசலில் கால் வைக்கும்போதே சோறு கேட்பார். ஆனால் பக்கவாதத்தில் படுத்த என் பாட்டி, சோற்றைக் கண்டாலே முகம் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் என்றெண்ணி நான் கடிந்துகொண்டேன். பிறகுதான் விலங்கியல் வகுப்பில் டாக்டர் பால் கிருஷ்ண ஆனந்த் அவர்களின் பெயரைக் கேட்டேன்.

1917இல் லாகூரில் பிறந்த அவர், அந்நகரின் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் டெல்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பித்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராபெக்குடன் ஆய்வு செய்தபோதுதான் அவரது பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. எலியின் மூளையடியில் உள்ள ஹைபோதலாமஸின் பக்கப்பகுதியில் மிகச் சிறிய ஓர் இடத்தை இருபுறமும் மின்சாரத்தால் அழித்தார்கள். எலி உண்பதை நிறுத்தியது. எதிரில் தீனி நிறைந்திருக்கப் பட்டினியால் மாண்டது! 1951இல் வெளியான இம்முடிவு, பசியைத் தூண்டும் மையம் மூளையில் உண்டு என்று உலகுக்கு உணர்த்தியது.

தாயகம் திரும்பிய அவர், 1956இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியல் துறையை வளர்த்தெடுத்தார். யோகியரையும் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து அவர்தம் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரம் கைவைத்திருந்தும் சிலருடைய அமைதி அலைகள் கலையவில்லை என்று 1961இல் அறிவித்தார். நம்பவும் இல்லை, நகைக்கவும் இல்லை, அளந்து பார்த்தார். 1963இல் பட்நாகர் பரிசு பெற்ற அப்பெரியார் 2007இல் மறைந்தார்.

பசி ஒரே மையத்தில் அடங்குவதன்று, பல நரம்புப் பாதைகளின் கூட்டுவேலை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. அத்தகைய எலிகளுக்குக் குழாய்வழி உணவூட்டிப் பொறுமையுடன் காத்தபோது, பல எலிகள் மெல்ல மெல்ல மீண்டும் உண்ணத் தொடங்கின என்பதும் தெரியவந்தது.

என் பாட்டியின் மூளையில் எவ்விடம் பழுதுற்றதோ, நானறியேன். இவற்றையெல்லாம் நான் படித்தபோது அவர் உயிரோடில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டு நோயாளி உணவை மறுத்தால் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், பொறுமையோடு ஊட்டுங்கள். ஆனந்த் அவர்களின் வாழ்வு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.