சங்கிலியால் நாட்டை அளந்தவர்!

குட்டீஸ்... கீழவைப்பாரில் நின்று மொபைல்போனில் வரைபடத்தைத் திறந்தால், வைப்பாறு கடலில் கலக்கும் இடம் நொடியில் தெரியும். இந்த வசதி இல்லாத காலத்தில், நாட்டை அளக்கப் புறப்பட்டவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எளிய குடும்பத்தில் பிறந்தவர். கணக்கு என்றால் கொள்ளை ஆசை. ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்தார்.

1802 ஏப்ரல் 10ல் சென்னை பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலியால், 12 கி.மீ., தூரத்தை அளக்கத் தொடங்கினார். 57 நாட்கள் ஆயின. ஒரு பக்கத்தின் நீளமும், கோணங்களும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம் அல்லவா? அப்படியே முக்கோணம் முக்கோணமாகக் கன்னியாகுமரி வரை சென்றார்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன்! 1808ல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்தது. அத்தனை உழைப்பும் வீணாகும் நிலை. லாம்டன் மனம் தளரவில்லை. ஆறு வாரம் போராடி, இம்மி இம்மியாக நிமிர்த்தி விட்டார்!

1823ல், மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், பணியின் நடுவே இறந்தார். அதைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்கு வைத்தது அவர் பெயரைத்தான்.

கருவி எதுவானாலும், பொறுமையாக அளந்து, சரிபார்த்து எழுதினால்தான் தகவல் நிலைக்கும். சரிதானே குட்டீஸ்!