லாரியைப் பார்க்காமல் போன டீசல்

இன்-பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக ஓசூர் சிப்காட் பக்கத்துல ஒரு லாரி ஒர்க்‌ஷாப்ல கொஞ்ச நாள் இருந்தேன். அதுல ஒன்றரை நாளை ஒரே ஒரு பாகம் தின்னுடுச்சு: இ.ஜி.ஆர். கூலர். கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து கிரானைட் ஏத்துற லாரி அது. கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுது, வெளியே எங்கேயும் ஒழுகல, சைலன்சர்ல வெள்ளைப் புகை. கூலருக்கு உள்ளேயே லீக். கேபினைச் சாய்ச்சு, கூலன்ட்டை இறக்கி, ஹீட் ஷீல்டைக் கழட்டின பிறகுதான் அது கண்ணுல பட்டுச்சு. எக்சாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி, பைப்புகளுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கு. கடைசி போல்ட் நமக்கு எதிர்ப்பக்கம். கண்ணாடி பிடிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் பார்க்காம தடவித் தடவித்தான் கழட்டணும். மெக்கானிக் அண்ணா பொறுமையா செஞ்சார். நான் டார்ச் பிடிச்சுக்கிட்டு, இந்த இன்ஜினைக் கண்டுபிடிச்சவனை மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்.

பெட்ரோல் பங்க்ல தினமும் படிக்கிற பேரு அது. ஆனா அது ஒரு மனுஷனோட பேருன்னு யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா, அம்மா ஜெர்மனியின் பவேரியா பகுதிக்காரங்க. அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் வெடிச்சதும் குடும்பம் லண்டனுக்குத் தப்பிப் போச்சு. பன்னிரண்டு வயசுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் கணக்கு வாத்தியாரா இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. அங்கிருந்து மியூனிக் பாலிடெக்னிக். அங்கே அவருக்குத் தெர்மோ எடுத்தவர், குளிர்பதன இயந்திரங்களால் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே. அந்தக் காலத்து நீராவி இன்ஜின் நிலக்கரியின் சக்தியில் பத்து சதவீதத்தைக்கூட வேலையா மாத்தல. நாமெல்லாம் இன்டர்னல்ஸுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி மறந்துபோற கார்னோ சைக்கிளை அவர் மறக்கல. அதை நிஜ இன்ஜினா செய்ய முடியுமாங்கிற கேள்வி பல வருஷம் அவரை விடல.

படிப்பு முடிஞ்சு லிண்டேயோட ஐஸ் தொழிலில் வேலை. நடுவுல அம்மோனியா இன்ஜின் ஒண்ணை முயற்சி பண்ணிக் கைவிட்டார். 1892-ல் தன் புது இன்ஜினுக்கு பேட்டன்ட் விண்ணப்பம் போட்டார். ஸ்பார்க் வேண்டாம். காத்தை மட்டும் பயங்கரமா அழுத்தினா அதுவே எரிபொருளைப் பத்தவைக்கிற அளவுக்குச் சூடாகும். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை (பின்னாளில் எம்.ஏ.என்.) இடம் கொடுத்தது, க்ரூப் கம்பெனியும் பணம் போட்டது.

1893 ஆகஸ்ட் 10, முதல் சோதனை. எரிபொருள் பத்திக்கிச்சு, ஆனா பிரஷர் அளக்கிற கருவி வெடிச்சுச் சிதறிச்சு. நல்லவேளை, யாரும் சாகல. 1894 பிப்ரவரியில் ஒரே ஒரு நிமிஷம் தானா ஓடுச்சு. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அளந்தப்போ சுமார் 20 குதிரைசக்தி, 26.2 சதவீத எஃபிஷியன்சி. கார்னோ சைக்கிளுக்குப் பக்கத்துலகூட அது போகலங்கிறது வேற விஷயம். உலகத்துல வேற எந்த இன்ஜினும் அதைத் தொடல.

இப்போ அந்தக் கூலருக்கு வர்றேன். டீசலுக்கு லாபம் கொடுத்த அதே சூடுதான் நமக்குத் தலைவலி. தீ ரொம்பச் சூடா எரியும்போது காத்துல சும்மா கிடக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனோட சேர்ந்து நாக்ஸ் ஆகுது. அதனால புகையில ஒரு பங்கைக் கூலர் வழியா ஆறவெச்சு மறுபடி சிலிண்டருக்குள்ள விடுறாங்க. ஆக்சிஜன் குறையும், சூடு இறங்கும், நாக்ஸும் குறையும். ஆனா கரி கூடும். அந்தக் கரிதான் கூலருக்குள்ளயும் போய்ப் படியுது. 2017-ல் பி.எஸ்.4 வந்தப்போ, ஓசூரில் பிளான்ட் வெச்சிருக்கிற அசோக் லேலண்ட் இந்த வழியைத்தான் நம்பிச்சு. பி.எஸ்.6-க்கு அது மட்டும் போதாம எஸ்.சி.ஆர்., ஃபில்டர் எல்லாம் கூடச் சேர்ந்துச்சு.

அன்னிக்கு லாரி ஓனர், புதுக் கூலர் எதுக்கு, தகடு வெச்சு அடைச்சிடலாமேன்னு கேட்டார். அண்ணா முடியாதுன்னுட்டார். ஈ.சி.யூ. கண்டுபிடிச்சு பவரைக் குறைச்சிடும், மாட்டினா கேஸ் வேறன்னு விளக்கினார். ஓனருக்கும் இ.எம்.ஐ. இருக்கு, அவர் முகமும் பாவமாத்தான் இருந்துச்சு.

பணக் கவலை டீசலையும் விடல. பேட்டன்ட் உரிமையை வித்துக் கோடீஸ்வரரானார், மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனா ஆரம்பத்துல வித்த இன்ஜின்கள் அடிக்கடி பழுதாச்சு, பேட்டன்ட் வழக்குகள் துரத்துச்சு, ஓய்வில்லாம உடம்பும் மனசும் உடைஞ்சது. நிலத்துல போட்ட பணமும் போச்சு. சிம்போசியம் பி.பி.டி.களில் வருமே, 1900 பாரிஸ் கண்காட்சியில டீசல் கடலை எண்ணெயில இன்ஜின் ஓட்டினார்னு? அதை ஓட்டிக் காட்டினது ஓட்டோ கம்பெனி. ஆனா தாவர எண்ணெய் பின்னாடி பெரிசா வரும்னு டீசலும் நம்பினார். பெரிய ஃபேக்டரிகளோட நீராவி இன்ஜின் முன்னாடி நிக்க முடியாத சின்னப் பட்டறைக்காரனுக்கு மலிவான சக்தி கிடைக்கணுங்கிறதும் அவர் ஆசை. நடந்தது வேற. அந்த இன்ஜின் கப்பலுக்கும் சப்மரினுக்கும் போச்சு. லாரிக்குப் போக முடியல. எரிபொருளை உள்ளே தள்ள ஒரு பெரிய ஏர் கம்ப்ரஸர் தேவைப்பட்டுது, அதைச் சக்கரத்து மேல ஏத்த முடியல.

1913 செப்டம்பர் 29 ராத்திரி, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போற டிரெஸ்டன் கப்பல்ல ஏறினார். நண்பர்களோட சாப்பிட்டார். காலையில எழுப்பச் சொல்லிட்டு பத்து மணி வாக்கில் கேபினுக்குப் போனார். காலையில ஆள் இல்ல. படுக்கையில படுத்த அடையாளம் இல்ல. டைரியில அந்தத் தேதிக்கு நேரா ஒரு சிலுவைக் குறி. கிளம்புறதுக்கு முன்னாடி மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழிச்சுத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே 20,000 மார்க் ரொக்கமும், கணக்கு எல்லாம் காலின்னு காட்டுற பேப்பர்களும். கொலை, உளவுன்னு இன்னைக்கும் யூடியூப்ல கதை ஓடுது. அந்தப் பையைப் பத்திப் படிச்ச பிறகு எனக்கு அதெல்லாம் நம்பத் தோணல.

சுமார் பத்து நாள் கழிச்சு ஒரு டச்சுப் படகு கடல்ல ஒரு உடலைப் பார்த்துச்சு. பாக்கெட்டில் இருந்த சின்னச் சின்னப் பொருட்களை எடுத்துக்கிட்டு, உடலைக் கடலுக்கே விட்டுட்டாங்க. அந்தப் பொருட்களைப் பார்த்து அப்பாவோடதுதான்னு மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகளை பென்ஸும் எம்.ஏ.என்.னும் ரோட்டுக்குக் கொண்டுவந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு.