அடி எண்ணிய வாத்தியார்

நம் பள்ளி வாசலிலிருந்து மைதானத்தின் கடைசி வரை எத்தனை அடி என்று எண்ணியிருக்கீங்களா? ஒருவர் சுமார் 25 லட்சம் அடி எண்ணினார். அதுவும் திபெத்தில், மாட்டிக்கொண்டால் உயிர் போகும் என்ற நிலையில். அவர்தான் நயின் சிங் ராவத். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்!

1830-ல் குமாவுன் மலையில் மிலாம் கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர்க்காரர்கள் திபெத்தோடு வியாபாரம் செய்தவர்கள். அதனால் திபெத் மொழி அவருக்கு அத்துப்படி. நம்ம பரங்கிமலைப் பக்கம் 1802-ல் லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, இமயமலையோடு நின்றுபோயிருந்தது. அதைத் தாண்டி வெள்ளைக்காரர்கள் போகத் தடை. வரைபடத்தில் திபெத் வெறும் வெள்ளைத்தாள்தான். எனவே கேப்டன் மான்ட்கோமரி 1863-ல் இவரைத் தேர்ந்தெடுத்தார். டேராடூனில் பயிற்சி நடந்தது.

முதல் பாடமே நடை! மேடோ பள்ளமோ, ஒவ்வொரு அடியும் ஒரே நீளம் இருக்கணும். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், ஒரு சுற்றுக்கு 10,000 அடி. கையில் சுழலும் ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரம் இல்லை, அளவுக் குறிப்புகள்! உயரத்தை அளக்க ஒரு வெப்பமானி. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா? அதை வைத்தே உயரத்தைக் கணக்கிட்டார். டீ கொதிக்கிற மாதிரிதான் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்!

1866 ஜனவரியில் யாத்ரீகர் வேஷத்தில் லாசா போய்ச் சேர்ந்தார். அங்கே ஊர் நடுவில் ஒருவரின் தலையை வெட்டியதைப் பார்த்ததும் நடுங்கிப்போனார். பிறகு வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். கையிருப்பு தீர்ந்தபோது நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாராம். வாத்தியார் வேலை எங்கே போனாலும் சோறு போடும் போலிருக்கு! லாசாவின் உயரத்தையும் இருப்பிடத்தையும் முதன்முதலில் அளந்து சொன்னவர் இவர்தான்.

1874-ல் இன்னும் கடினமான பயணம். லே நகரிலிருந்து புறப்பட்டு, ஆடுகளின் முதுகில் மூட்டை ஏற்றி, சாங்தாங் மேட்டுப் பாலைவனத்தைக் கடந்தார். மரமே இல்லாத, எலும்பைத் துளைக்கும் குளிரடிக்கும் பூமி அது. பெரும்பகுதி 4,500 மீட்டருக்கும் மேல். வழியில் கண்ட ஏரிகளும் மலைத்தொடர்களும் அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாதவை. 1875-ல் அசாமில் இறங்கியபோது உடம்பு தளர்ந்து, கண்பார்வையும் கெட்டிருந்தது.

அவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாதென்று அறிக்கைகளில் பெயரே போடாமல் பண்டிட் என்று மட்டும் எழுதினார்கள். பண்டிட் என்றாலும் வாத்தியார்தானே! 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப்பதக்கம் கொடுத்தது, இந்த முறை சொந்தப் பெயருக்கு. 2004-ல் நம் தபால்துறை வெளியிட்ட தபால்தலையில் அவர் முகத்தைப் பார்க்கலாம்.