வெனிஸ் நகரின் வயலின் ஆசான் விவால்டி

கல்வியென்றால் ஏடும் எழுத்தும் மட்டுமே என்று எண்ணுவோர் பலர். விரலுக்கும் செவிக்கும் அளிக்கும் பயிற்சியும் கல்வியே ஆகும். பெற்றோர் பெயரும் அறியாத பெண்மக்களுக்கு அக்கல்வியை அளித்து, ஐரோப்பா வியந்து போற்றும் இசைக்கலைஞர்களாக ஆக்கிய ஆசிரியர்களுள் தலைசிறந்தவர் அந்தோனியோ விவால்டி.

இத்தாலியின் வெனிஸ் நகரில் 1678ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலில் இருந்து, பின்னர் வயலின் கலைஞராகி, புனித மாற்கு பேராலயத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றவர். இளமை முதலே மார்புநோயால் வருந்திய மைந்தர் 1703இல் கத்தோலிக்கக் குருவானார். தலைமுடி செந்நிறமாக இருந்தமையால் மக்கள் அவரைச் செந்நிறக் குரு என்றழைத்தனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் பியெட்டா என்னும் அறநிலையத்தில் அவர் வயலின் ஆசிரியரானார். ஆண்டு ஊதியம் 60 டுகாட் காசுகள். மறு ஆண்டு வயோலா வகைக் கருவியொன்றையும் கற்பிக்கும் பொறுப்பு சேர, ஊதியம் 100 டுகாட் ஆயிற்று. 1346இல் தோன்றிய அந்நிலையம் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தது. சிறுவர் ஒரு தொழிலைக் கற்று வெளியேறுவர். சிறுமியருள் இசைத்திறன் உடையோர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாடகராகவும் வாத்தியக்காரராகவும் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆலய மாடத்தில், கம்பித் தட்டிக்குப் பின்னே மறைந்திருந்து அவர்கள் இசைப்பர். அதனைக் கேட்க அயல்நாட்டார் பலரும் வெனிசுக்கு வந்தனர். குடும்பப்பெயர் இல்லாத அப்பெண்களுக்குக் கற்ற கருவியின் பெயரே அடைமொழியாயிற்று.

ஓர் ஆசிரியர் எத்தனை மாணவியருக்குத் தாமே கற்பிக்க இயலும்? அதற்குப் பியெட்டாவில் நல்லதொரு முறை இருந்தது. தேர்ச்சி பெற்ற மூத்த பெண்கள் தொடக்கநிலைச் சிறுமியருக்குக் கற்பித்தனர். மூத்தோருக்கு விவால்டி போன்ற ஆசான்கள் கற்பித்தனர். கருவிகளை வாங்கித் தருவதும், குழுவுக்கெனப் புதிய இசை எழுதுவதும் அவர் பணியாயின. தனிக்கருவி முன்னின்று இசைக்க, குழுவினர் விடையிறுக்கும் கான்செர்ட்டோ என்னும் வகையில் ஏறத்தாழ 500 படைப்புகளை இயற்றினார். இவ்வகையில் கடினமான பகுதி தேர்ந்தவருக்கும், எளிய பகுதி ஏனையோருக்கும் அமையும். பல நிலையினரும் ஒரே மேடையில் ஒன்றுகூடி இசைக்கலாம். 1711இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் உள்ள 12 படைப்புகளுள் நான்கு ஒரு வயலினுக்கும், நான்கு இரு வயலின்களுக்கும், நான்கு நான்கு வயலின்களுக்கும் உரியவை. இவற்றுட் சிலவற்றை ஜெர்மானிய இசைமேதை பாக் விசைப்பலகைக் கருவிகளுக்கு மாற்றியமைத்தார்.

அவருடைய மாணவியருள் புகழ்மிக்கவர் அன்னா மரியா. பியெட்டாவில் கைக்குழந்தையாக விடப்பட்ட இவர் வயலினில் ஈடிணையற்றவராகி, பிற கருவிகளிலும் வல்லவரானார். இவருக்கென விவால்டி பல கான்செர்ட்டோக்களை எழுதினார். பின்னாளில் அதே நிலையத்தின் ஆசிரியையாக உயர்ந்து, 1782இல் மறைந்தார்.

இத்தகைய ஆசானுக்கும் பதவி நிலையாக இருக்கவில்லை. நிலைய ஆளுநர்கள் அவ்வப்போது வாக்களித்தே ஆசிரியரை நீட்டித்தனர். 1709இல் ஒரே வாக்கு வேறுபாட்டில் அவர் பணியிழந்தார். 1711இல் அதே ஆளுநர்கள் ஒருமனதாக மீண்டும் அழைத்தனர். 1723இல் திங்களுக்கு இரண்டு கான்செர்ட்டோக்கள் எழுதித்தர உடன்பாடு செய்துகொண்டார். உலகறிந்த நான்கு பருவங்கள் என்னும் படைப்பு 1725இல் அச்சேறியது. 1738இல் பதவி மீண்டும் நீட்டிக்கப்படவில்லை. 1741 சூலை 28ஆம் நாள் வியன்னாவில் வறுமையில் மறைந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகம் அவரை மறந்திருந்தது. 1926இல் அவருடைய கையெழுத்துப் படிகள் கண்டெடுக்கப்பட்ட பின்னரே புகழ் மீண்டது.

அப்பெண்களின் வாழ்வில் ஒரு குறையும் உண்டு. திருமணம் செய்துகொண்டு வெளியேறுவோர் பொதுமேடையில் இசைப்பதைக் கைவிட வேண்டியிருந்தது. திறமையை வளர்த்த சமுதாயம் அதற்குரிய உரிமையை முழுமையாக வழங்கவில்லை. கல்வியும் உரிமையும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு இது சான்று.

இளைஞர்களே! ஒருவர் பெற்ற தேர்ச்சி அடுத்தவரிடம் சேரும்போதுதான் கல்வி நிலைபெறும். மேல்வகுப்பில் பயிலும் நீங்கள் மாலையில் ஒரு மணிநேரம் கீழ்வகுப்புப் பிள்ளைகளுடன் அமருங்கள். தொடக்கநிலைச் சிறுமியின் கையில் வில்லைப் பிடித்துக் காட்டிய மூத்த பெண்கள் பலரின் பெயரை வரலாறு அறியாது. அவர்களின்றி அந்த இசைக்குழு நிலைத்திருக்கவும் முடியாது.