கண் பாவையைப் படித்த டாக்டர்

தலையில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். பேச்சு இல்லை, மூச்சு மட்டும் ஓடுகிறது. டாக்டர் வந்ததும் இமையை விலக்கி, டார்ச் வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சுகிறார். ஒரு விநாடி உற்றுப் பார்க்கிறார். பிறகு அடுத்த கண்ணையும் பார்க்கிறார். அடிபட்டது மண்டையில், கண்ணில் என்ன தேடுகிறார் என்று கூட வந்தவர்கள் திகைக்கிறார்கள்.

டாக்டர் தேடுவது கண்ணின் நடுவே உள்ள சின்னக் கருவட்டத்தை. அதைத்தான் பாவை என்றும் பாப்பா என்றும் சொல்கிறோம். வெளிச்சம் பட்டால் அது சுருங்க வேண்டும். இருட்டில் விரிய வேண்டும். நோயாளி வாய் திறக்க முடியாதபோது, மூளைக்குள் நடப்பதைச் சொல்லும் சாட்சி அதுதான்.

இந்தச் சாட்சியை விசாரிக்கும் வித்தையை வைத்திய உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டக்ளஸ் ஆர்கில் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியம் படிக்கும் மாணவர்கள் பரீட்சைக்கு முன் அவர் பெயரை இன்றும் நெட்டுருப் போடுகிறார்கள். ஆனால் அவர் இந்திய மண்ணில் கண் மூடினார் என்பதும், இங்கேயே அவர் உடல் தகனமாயிற்று என்பதும் பலருக்குத் தெரியாத விஷயம்.

தந்தை காட்டிய வழி

1837-ல் எடின்பரோ நகரில் பிறந்தவர் ராபர்ட்சன். தந்தையும் சர்ஜன்தான். கண் நோயில் தனி அக்கறை கொண்டவர். ஏழைகளுக்காக அந்நகரில் 1822-ல் கண் வைத்திய சாலை தொடங்கியவர்களில் ஒருவர். எடின்பரோ சர்ஜன்கள் கல்லூரியின் தலைவராக இருந்தவர். பிற்காலத்தில் மகனும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருபது வயதில், 1857-ல், மகன் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் கண் வைத்தியத்துக்கு ஐரோப்பாவிலேயே பெயர் போனவர் பெர்லினில் இருந்த கிராஃபே. ராபர்ட்சன் அவரிடம் போய்த் தொழில் பழகினார். ஊர் திரும்பியதும் கண் வைத்தியமே தம் வேலை என்று தீர்மானித்துக் கொண்டார். பொதுச் சர்ஜன்களே கண்ணையும் பார்த்துக் கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால், இது துணிச்சலான முடிவுதான்.

விஷக் கொட்டை

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில், கலபார் என்று ஓர் ஊர். அங்கே ஒருவன் மேல் குற்றம் சாட்டப்பட்டால், ஒரு விதமான அவரைக் கொட்டையைத் தின்னச் சொல்வார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி. மேல்முறையீடு கிடையாது.

அந்தக் கொட்டை எடின்பரோவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் 1855-ல் அதில் கொஞ்சம் தாமே தின்று பார்த்தார். உடம்பு தளர்ந்து உயிருக்கே ஆபத்து வரும் போலிருக்கவே, கையருகே இருந்த சவரத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார்! பின்னர் ஃபிரேசர் என்ற இளைஞர் அதைத் தீர ஆராய்ந்தார். கொட்டையின் சத்து கண் பாவையைச் சுருக்குகிறது என்ற செய்தியை அவர் நண்பர் ராபர்ட்சனிடம் சொன்னார்.

ராபர்ட்சன் நோயாளியைத் தேடிப் போகவில்லை. தம் கண்ணிலேயே அந்த மருந்தை விட்டுக் கொண்டார். பாவை குண்டூசி முனை போலச் சுருங்கியது. தூரத்துப் பொருள்கள் மங்கின. பாவையை விரிக்கும் மருந்து முன்பே உண்டு. பெல்லடோனாச் செடியிலிருந்து எடுக்கும் அட்ரோபின் அது. சுருக்கும் மருந்துதான் கண் வைத்தியரின் அலமாரியில் இல்லாமல் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்பதையும் அவர் சோதித்து, 1863-ல் கட்டுரை எழுதினார். அப்போது வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறுதான். கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு 1876-ல் இந்த மருந்தையே லாக்கர் என்ற டாக்டர் பயன்படுத்தினார். உயிர் வாங்கிய கொட்டை கண்ணைக் காக்க வந்தது.

வெளிச்சத்துக்கு அசையாத கண்

அவர் பெயரை நிலைக்க வைத்தது 1869-ம் ஆண்டு. அவ்வாண்டு எடின்பரோ வைத்தியப் பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதலாவதில் ஒரு நோயாளி. இரண்டாவதில் நான்கு பேர். முதுகுத்தண்டு கெட்டு, நடை தடுமாறி வந்தவர்கள். அவர்கள் கண் பாவைகள் மிகச் சிறியவை. விளக்கைக் காட்டினாலும் அசையவில்லை, இருட்டாக்கினாலும் விரியவில்லை. கண் குருடோ என்றால் அதுவும் இல்லை. ஆனால், பக்கத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னால் அதே பாவை சட்டென்று சுருங்கியது!

மற்றவர்கள் கண்ணிலும் இது பட்டிருக்கலாம். இரண்டு அசைவுகளையும் தனித்தனியே சோதித்து, ஒன்று போய் மற்றொன்று இருப்பதே நோயின் அடையாளம் என்று பிரித்துக் காட்டியவர் ராபர்ட்சன். கோளாறு முதுகுத்தண்டில் என்று அவர் கருதினார். அது நடுமூளையில் என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். அதனால் அவர் பார்த்தது பொய்யாகிவிடவில்லை.

நோயின் வேர் எது என்பது அன்று யாருக்கும் தெரியாது. மேக நோயான சிபிலிஸின் கிருமியை 1905-ல் கண்டுபிடித்தார்கள். 1906-ல் அதற்கு ரத்தப் பரிசோதனை வந்தது. 1913-ல் அந்தக் கிருமியையே மூளைக்குள் பார்த்தார்கள். பெரும்பாலும் அதன் வேலைதான் ராபர்ட்சன் பார்த்த கண். ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன் முப்பத்தேழு ஆண்டுகள், ஒரு மெழுகுவத்தியும் கூர்ந்த பார்வையும் இருந்தால் அந்த நோயைச் சந்தேகிக்க முடிந்தது.

இது மெல்ல அரிக்கும் நோயின் கதை. அவசர ஆபத்தில் பாவை சொல்லும் சேதி வேறு. அதே காலத்தில் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற சர்ஜன் அதைக் கவனித்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை நெருக்கும்போது, அந்தப் பக்கத்துப் பாவை விரிந்து நின்றுவிடுகிறது. பாவையைச் சுருக்கும் நரம்பு, இடம் பெயர்ந்த மூளையின் கீழ் நசுங்குவதே காரணம். உடனே மண்டையைத் திறக்காவிட்டால் ஆள் பிழைப்பது அரிது.

டார்ச்சும் கருவியும்

ஒரு சங்கடம் உண்டு. பாவை சுருங்கியதா, எவ்வளவு சுருங்கியது என்று கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இரவு டியூட்டி நர்ஸ் சுருங்குகிறது என்று எழுதியதைக் காலையில் வரும் டாக்டர் இல்லை என்பார். கறுத்த விழியில், ஓரிரண்டு மில்லிமீட்டர் பாவையில், யார்தான் உறுதியாகச் சொல்ல முடியும்?

அதற்காக வந்ததே பியூபிலோமீட்டர் என்ற கைக்கருவி. கண்ணுக்கு முன் பிடித்தால், அளவான வெளிச்சத்தை அதுவே பாய்ச்சும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பாவையைப் படம் பிடிக்கும். எவ்வளவு நேரத்தில் அசைந்தது, எத்தனை வேகத்தில் சுருங்கியது என்று கணக்கிட்டு, 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கும். 3-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. மூளைக் காயமும் மூளை ரத்தக் கசிவும் கண்ட 514 நோயாளிகளை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வாறு திரும்பத் திரும்ப அளந்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கே மரணமும் மோசமான முடிவும் அதிகம் என்று 2023-ல் அறிக்கை வந்தது. கருவி புதிது, கேட்கும் கேள்வி ராபர்ட்சன் மெழுகுவத்தியைப் பிடித்துக் கேட்டதுதான்.

ராஜாவின் குரு

ராபர்ட்சன் நெடிய உருவம், அழகர். 1870 முதல் 1897 வரை எடின்பரோ பெரிய ஆஸ்பத்திரியில் கண் சர்ஜன். விக்டோரியா ராணிக்கு ஸ்காட்லாந்தில் கண் வைத்தியர். கோல்ஃப் ஆட்டத்தில் தங்க மெடல் ஐந்து முறை வாங்கியவர்! 1890-களில் ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து உயிருள்ள புழுவை எடுத்தார். அந்தப் பெண் வாழ்ந்து திரும்பிய ஊர் எது தெரியுமா? அதே கலபார்தான்.

1882-ல் மணம் புரிந்து கொண்டார். குழந்தைகள் இல்லை. ஆனால் மாணவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் ராஜா. கத்தியவாரில் உள்ள கோண்டல் சமஸ்தானத்தின் அதிபதி பகவத்சிங்ஜி, கிரீடத்தோடு திருப்தி அடையாமல் எடின்பரோவுக்குப் போய் வைத்தியம் படித்தார். 1892-ல் வைத்தியப் பட்டமும், 1895-ல் எம்.டி. பட்டமும் பெற்றார். அதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சி, பாரத நாட்டு வைத்தியத்தின் வரலாறு. இப்படிப்பட்ட ராஜா அபூர்வம்தான். ஆசிரியரும் மாணவரும் நண்பர்கள் ஆனார்கள். ராபர்ட்சன் இந்தியாவுக்குப் பல முறை வந்து போனார்.

1904-ல் தொழிலை விட்டு ஜெர்சி தீவில் குடியேறினார். உடல் தளர்ந்த நிலையிலும் 1908 முடிவில் மீண்டும் கோண்டலுக்குப் பயணமானார். அங்கே 1909 ஜனவரி 3-ந் தேதி காலமானார். வயது 71. பிறந்த ஊர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். கோண்டலி ஆற்றங்கரையில் சிதை அடுக்கினார்கள். பிள்ளை இல்லாத அந்த ஆசிரியரின் சிதைக்கு ராஜா பகவத்சிங்ஜி தம் கையாலேயே தீ மூட்டினார்.