கடல் கடந்து கற்ற ஆனந்திபாய்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் எங்கள் விடுதிக்குப் புதிதாக வரும் தங்கையர் முதல் வாரம் முழுவதும் அழுவது வழக்கம். சாம்பாரில் காரம் அதிகம், படுக்கை பழக்கமில்லை, அம்மா பின்னிவிடுவதுபோல் இங்கே யாரும் பின்னிவிடுவதில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாங்களும் அப்படி அழுதவர்கள்தாம். இத்தனைக்கும் எங்கள் ஊர்கள் பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. பதினெட்டே வயதில், தாய் தந்தையரோ கணவரோ உடன் வராமல், ஏறக்குறைய இரண்டு மாதம் கப்பலில் சென்று, தம்மைப்போல் உடுப்பாரும் உண்பாரும் இல்லாத நாட்டில் இறங்கிய ஒரு பெண்ணின் வரலாறு எங்கள் கைக்குக் கிடைத்தது. அவர் முதல் வாரம் அழுதாரா என்றுதான் நாங்கள் முதலில் தேடினோம்!

அவர்தாம் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி. அமெரிக்கா சென்று மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி.

1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் என்னும் ஊரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில் கோபால்ராவ் ஜோஷி என்னும் தபால் இலாகா குமாஸ்தாவுக்கு மணம் செய்து கொடுத்தனர். மணமகன் மனைவியை இழந்தவர். யமுனாவைவிடச் சுமார் இருபது வயது மூத்தவர். அவரே யமுனாவுக்கு ஆனந்தி என்று பெயர் மாற்றினார்.

கோபால்ராவ் விசித்திரமான மனிதர். தம் மனைவி படிக்க வேண்டும் என்பதில் அவருக்கு வெறியே இருந்தது. பாடத்தை விட்டுச் சமையல் வேலையில் நேரம் போக்கினாள் என்பதற்காக ஆனந்தியை அடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் மற்ற வீடுகளில் பெண் படித்தால் அடித்தார்கள். இவர் படிக்காததற்கு அடித்தார். இவரைப் புகழ்வதா, இகழ்வதா என்று எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் வாதாடினோம். மணி அடித்த பிறகும் முடிவு ஏற்படவில்லை.

பதினான்கு வயதில் ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகுந்த மருத்துவ உதவி கிடைக்காமல் பத்தே நாளில் அது இறந்தது. அப்போது அவர் எங்களைவிட ஒரு வயது இளையவர். இந்த வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நாங்கள் ஒருவரும் பேசவில்லை. ஆண் மருத்துவரிடம் தன் உடலைக் காட்டக் கூசி உயிரையே விடும் பெண்கள் நாடெங்கும் இருந்தார்கள். அவர்களுக்காகத் தாமே மருத்துவராவது என்ற எண்ணம் ஆனந்தியின் உள்ளத்தில் ஊன்றியது அந்தத் துயரத்தில்தான்.

கோபால்ராவ், ராயல் வைல்டர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். இருவரும் மதம் மாறினால் உதவலாம் என்று பதில் வந்தது. அதற்கு அவர்கள் இசையவில்லை. ஆனால் வைல்டர் அந்தக் கடிதங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். நியூஜெர்சி மாநிலத்தில் ரோசல் என்ற ஊரில் வாழ்ந்த திருமதி தியோடீசியா கார்ப்பெண்டர், பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த வேளையில் தற்செயலாக அந்தப் பத்திரிகையைப் புரட்டினார். முகமறியாத ஓர் இந்தியச் சிறுமியின் கல்வி ஆசை அவர் மனத்தைத் தொட்டது. உடனே கடிதம் எழுதினார். பல்வலிக்கு நாங்கள் நன்றி சொல்லியே ஆக வேண்டும்!

கடிதங்கள் போய் வந்தன. இதற்கிடையில் கோபால்ராவுக்கு வங்காளத்திற்கு மாற்றலாயிற்று. அங்கே ஆனந்தியின் உடல்நலம் கெட்டது. ஓயாத தலைவலி, அடிக்கடி காய்ச்சல், சில வேளை மூச்சுத் திணறல். கார்ப்பெண்டர் அம்மையார் கடல் கடந்து மருந்து அனுப்பியும் பலன் இல்லை. வங்காளத்தில் உயர்குலப் பெண்கள் வீதியில் நடப்பதில்லை என்பதால், கணவருடன் நடந்து சென்ற ஆனந்தியைக் கண்டு தெருவில் நின்றவர்கள் முறைத்தார்கள், சிரித்தார்கள். அந்நிய நாட்டுக்குப் போகுமுன்பே, சொந்த நாட்டிலேயே அந்நியராய் வாழ அவர் பழகிவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கா செல்வது என்று முடிவானதும் எதிர்ப்பு பலமாயிற்று. 1883ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சேராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி எழுந்து நின்று, தாம் ஏன் போகிறார் என்பதை ஆங்கிலத்தில் விளக்கினார். நம் சென்னையில் பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். ஆனால் அங்கே பெண்களுக்குத் தரப்படும் கல்வி போதாது, கற்பிப்போருக்கும் தாராள மனமில்லை என்பது அவர் கருத்து. சென்னையைப் பற்றி இப்படிச் சொன்னாரே என்று எங்களுக்குச் சிறிது வருத்தந்தான். இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்றும் அச்சபையில் உறுதி கூறினார்.

நகைகளை விற்றும் நன்கொடை பெற்றும் பயணத்துக்குப் பணம் சேர்ந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் கல்கத்தாவில் கப்பலேறி, ஜூன் 4ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே கார்ப்பெண்டர் அம்மையார் காத்து நின்றார்.

ரோசல் நகரத்து வீட்டில் கழிந்த அந்தக் கோடைக்காலமே ஆனந்தியின் வாழ்வில் மிக இனிய காலம். அம்மையாரை அவர் மாவ்ஷி என்று அழைத்தார். மராத்தியில் அது தாயின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல். நாம் பெரியம்மா, சின்னம்மா என்கிறோமே, அதுதான். அந்த வீட்டு ஒழுங்குகளைக் கற்றுக்கொண்டார். தம் வழக்கங்களை அவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். ஒருமுறை நம் நாட்டு முறையில் விருந்து சமைத்து, வந்தவர்களுக்குத் தம் புடவைகளைக் கட்டிவிட்டு, கையால் எடுத்து உண்ணச் செய்தார். முள்ளும் கரண்டியும் பிடித்தே பழகிய அமெரிக்கச் சீமாட்டிகள் சோற்றைக் கையால் பிசைந்த காட்சியை நினைத்து நாங்கள் வெகுநேரம் சிரித்தோம்.

பெனிசில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரி 1850இல் பிலடெல்பியா நகரில் தொடங்கப்பட்டது. அதற்கு ஆனந்தி எழுதிய விண்ணப்பத்தில் தம்மிடம் இல்லாத தகுதிகளை மறைக்கவில்லை. தம் நாட்டுப் பெண்களின் துன்பத்தையும் தம் மன உறுதியையும் மட்டுமே சொன்னார். கல்லூரி முதல்வர் ரேச்சல் பாட்லி அம்மையார் அவரைச் சேர்த்துக்கொண்டதோடு, மூன்றாண்டுப் படிப்புக்கு 600 டாலர் உதவித்தொகையும் பெற்றுத் தந்தார்.

மாவ்ஷியின் வீட்டைவிட்டுப் பிலடெல்பியா சென்ற பிறகுதான் உண்மையான அந்நிய வாழ்க்கை தொடங்கியது. இலையுதிர்காலம் போய்ப் பனி வந்தது. அவர் தங்கிய அறையின் கணப்பு சரியாக அமைக்கப்படவில்லை. நெருப்பு மூட்டினால் அறை முழுவதும் புகை; மூட்டாவிட்டால் எலும்பைத் துளைக்கும் குளிர். புகையா குளிரா என்று ஒவ்வோர் இரவும் அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நுரையீரல் ஏற்கெனவே பலவீனமானவருக்கு இரண்டுமே நஞ்சு. புலால் உண்ணாதவராதலால் அந்நாட்டு மேசையில் அவர் எடுத்து உண்ணத்தக்கவையும் குறைவு.

அடுத்தது உடை. மராத்தியப் பெண்கள் கட்டும் ஒன்பது கசப் புடவையைக் கால்களுக்கிடையே கொசுவிப் பின்னால் செருகுவார்கள். கெண்டைக்கால் வெளியே தெரியும். கல்யாண் நகரத்து வெயிலுக்கு அது ஏற்ற உடை. முழங்கால் ஆழப் பனியில் என்ன செய்வது? அமெரிக்க கவுனை அணிந்திருந்தால் குளிரும் போயிருக்கும், தெருவில் பார்ப்பவர்களின் வியப்பும் போயிருக்கும். ஆனால் தம் உடையை மாற்றுவதில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட உறுதி. பல நாள் யோசித்து ஒரு வழி கண்டார். குஜராத்திப் பெண்கள் கட்டும் முறையில் புடவையைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டி, உள்ளே கனத்த பாவாடை அணிந்துகொண்டார். குளிரும் ஓரளவு குறைந்தது. புடவையும் புடவையாகவே இருந்தது. இதைக் கணவருக்கு உடனே எழுதவில்லையாம்! எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால், யாரையும் கேட்காமல், தமக்கு வேண்டியதைத் தாமே முடிவு செய்த பெண்ணை இங்கேதான் முதன்முதலாகக் காண்கிறோம்.

எங்களில் சிலர், அப்படியென்ன பிடிவாதம், கவுன் அணிந்து நன்றாக உண்டிருந்தால் நெடுநாள் வாழ்ந்திருப்பாரே என்றார்கள். வேறு சிலர், ஊரார் அவரை நம்பித் தங்கள் பெண்களைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமானால், போனபடியே திரும்பி வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்றார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

கோபால்ராவின் கடிதங்களில் சில கண்டிப்பும் சந்தேகமும் நிறைந்தவை. ஆனந்தியும் இப்போது வாய்மூடி இருக்கவில்லை. சிறுவயதில் தாம் பட்ட அடிகளை ஒவ்வொன்றாக நினைவூட்டி, மரியாதை குறையாமல் பதில் எழுதினார். கணவரிடம் நேரில் சொல்ல முடியாததைக் கடலுக்கு அப்பாலிருந்து அவரால் சொல்ல முடிந்தது.

1885ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அக்கல்லூரியில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. புடவையில் ஆனந்திபாய், கிமோனோவில் ஜப்பானின் கெய் ஒகாமி, தம் நாட்டு உடையில் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி ஆகிய மூவரும் அதில் அருகருகே இருக்கிறார்கள். மூவரும் அந்நியர்; மூவரும் மருத்துவ மாணவியர். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எங்கள் விடுதித் தங்கையர் நினைவு வந்தது.

1886ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஆனந்திபாய் எம்.டி. பட்டம் பெற்றார். இருபத்தொரு வயது நிறைய இன்னும் இருபது நாள் இருந்தது. இந்துப் பெண்களிடையே மகப்பேறு மருத்துவம் என்பதே அவர் ஆய்வுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள். இறந்துபோன அந்தப் பத்து நாள் குழந்தையை அவர் மறக்கவில்லை. பட்டமளிப்பைக் காண்பதற்காகவே இங்கிலாந்திலிருந்து உறவினர் பண்டித ரமாபாய் வந்திருந்தார். கோல்ஹாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவை நடத்தும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஆனால் அதற்குள் காசநோய் முற்றிவிட்டது. 1886ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயில் இறங்கியபோது மக்கள் அவரை வாழ்த்தி வரவேற்றார்கள். முன்பு பழித்த ஊரே பாராட்டியது. அந்தப் பாராட்டைத் தாங்கும் உடல் அவருக்கு இல்லை. கோல்ஹாப்பூர் மருத்துவமனையில் ஒரு நோயாளியைக்கூட அவர் பார்க்க முடியவில்லை. 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பூனாவில் உயிர் துறந்தார். இருபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதமும் சில நாள்களும் இருந்தன.

அவரது அஸ்தியைக் கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார்கள். மாவ்ஷி அதை நியூயார்க் மாநிலத்தில் பொக்கிப்சி என்னும் ஊரிலுள்ள தம் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில், தம் உறவினர்களுக்கு நடுவே புதைத்து, ஆனந்தியின் பெயர் பொறித்த கல்லையும் நட்டார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது.