பழைய வேதமும் புதிய பதிப்பும்: பாளையங்கோட்டை ரேனியஸ் ஐயர் கதை

பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தைத் தெரியாதவர் நெல்லைச் சீமையில் கிடையாது. கோபுரம் பின்னாளில் எழுந்தது. அதன் அடியில் உள்ள ஆலயம் 1826-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் ஒரு ஜெர்மன் பாதிரியார். அவர் பெயர் ரேனியஸ். ஊர் ஜனங்கள் ரேனியஸ் ஐயர் என்பார்கள்.

ஆலயம் கட்டியது பெரிய காரியந்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை அவர் தலையில் போட்டுக்கொண்டார். தமிழில் ஏற்கெனவே இருந்த வேதாகமத்துக்குப் புதிய பதிப்பு ஒன்றை உண்டாக்குவதே அந்த வேலை. அதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார். பாராட்டும் கிடைத்தது, ஏச்சும் கிடைத்தது. ஒரு மொழியில் பழகிப்போன ஒன்றை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

கோட்டையில் பிறந்தவர்

ரேனியஸ் 1790-ம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் கிராடன்ஸ் கோட்டை. அப்போது அது பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்தது. இப்போது அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை ராணுவ அதிகாரி. மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார்.

மகனுக்கு ராணுவத்தில் நாட்டம் இல்லை. பெர்லின் நகருக்குப் போய்ப் படித்தார். 1812-ம் ஆண்டு பாதிரியார் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்று, அங்கிருந்து கப்பல் ஏறினார். 1814-ம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

முதலில் தரங்கம்பாடியில் சில மாதம் தங்கித் தமிழ் படித்தார். பிறகு சென்னையில் ஊழியம் செய்தார். 1820-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி குடும்பத்துடன் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் பாலம் கிடையாது. சுலோச்சன முதலியார் பாலம் கட்டி முடிந்தது 1843-ம் ஆண்டில்தான். அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரை அக்கரைதான், இக்கரை இக்கரைதான். அப்படிப்பட்ட காலத்தில் ரேனியஸ் ஊர் ஊராகச் சுற்றினார். பள்ளிக்கூடங்கள் திறந்தார்.

கவிராயரிடம் பாடம்

திருப்பாற்கடல்நாதன் கவிராயர் என்ற புலவரிடம் ரேனியஸ் தமிழ் கற்றார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. பதினான்கு வருஷம் கற்றார் என்று சொல்லுவார்கள். இலக்கணமும் இலக்கியமும் படித்தார்.

கவிராயரிடம் புலவர் தமிழ் கிடைத்தது. ஊர் சுற்றியதில் ஜனங்களின் தமிழ் கிடைத்தது. பனை ஏறுகிறவர், வயலில் வேலை செய்கிறவர் எல்லோரும் பேசும் தமிழைத் தினமும் காதால் கேட்டார். இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார். இலக்கணம் கெடக் கூடாது; கேட்கிறவனுக்கு விளங்கவும் வேண்டும். இதுவே அவர் கொள்கை.

என்ன குறை கண்டார்?

தமிழ் வேதாகமம் ரேனியஸ் வருவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதற்குப் பின் வந்தவர் பெப்ரிஷியஸ். அவர் சென்னை வேப்பேரியில் இருந்து, எல்லாவற்றையும் மறுபடி மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ம் ஆண்டு வெளிவந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பெப்ரிஷியஸ் பதிப்பையே வாசித்தன. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் அதே வார்த்தைகள்தான் ஒலித்தன.

ரேனியஸ் அதில் கண்ட குறை என்ன? மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சொல் வைத்து மொழிபெயர்த்ததால், பல இடங்களில் தமிழ் தமிழாக இல்லை என்றார். ஐரோப்பிய மொழிகளில் வினைச்சொல் நடுவே வரும். தமிழில் அது கடைசியில் வரும். நான் பார்த்தேன் ஒரு மனுஷனை, அவன் வந்தான் ஊரிலிருந்து என்று யாரும் பேசுவது இல்லை. ஊரிலிருந்து வந்த மனுஷனைப் பார்த்தேன் என்றுதான் சொல்லுவோம். மொழிபெயர்க்கிறவர் கருத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தமிழன் சொல்லும் முறையில் சொல்ல வேண்டும் என்பது ரேனியஸின் வாதம். மொழிபெயர்ப்பு விதிகளைப் பற்றி அவர் தனியாக ஒரு நூலே எழுதினார். அது 1827-ம் ஆண்டு நாகர்கோவிலில் அச்சாயிற்று.

பழைய பதிப்பைத் திருத்தித் தரும்படிதான் முதலில் அவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். திருத்த உட்கார்ந்தவருக்கு, திருத்தினால் போதாது, புதிதாகவே எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

கிளம்பியது எதிர்ப்பு

ரேனியஸ் எழுதிய பகுதிகள் சென்னை வேதாகமச் சங்கத்தாரிடம் போயின. தமிழ் தெரிந்த மற்றப் பாதிரிமாரும் அவற்றைப் பார்த்தார்கள். ஒரு சாரார், தெளிவாக இருக்கிறது என்றார்கள். மற்றொரு சாரார், கருத்தைச் சொல்லப் போய் மூலத்தை விட்டு விலகிவிட்டார் என்றார்கள்.

எல்லோரையும்விட உரக்க எதிர்த்தவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். அவரும் பாளையங்கோட்டையில் பிறந்தவரே. 1774-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சை சரபோஜி மன்னருடன் ஒன்றாகப் படித்தவர்; அவருடைய சபையில் கவிஞராக இருந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர்.

புதிதாக வந்த பாதிரிமார்மேல் சாஸ்திரியாருக்குப் பல மனத்தாங்கல்கள் உண்டு. அவற்றில் ஒன்று இந்தத் திருத்தம். முன்னோர் கொடுத்த வேதத்தின் வார்த்தைகளில் கை வைப்பதா என்று கேட்டார். அதைக் கண்டித்து எழுதினார்.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைப் பருவம் முதல் மனப்பாடம் செய்த வார்த்தை ஒரு நாள் மாறிவிட்டால் யாருக்கும் மனம் சங்கடப்படும். எழுத்து வாசனை இல்லாத பாட்டி, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது இல்லை. காதால் கேட்டதை நெஞ்சில் வைத்திருக்கிறாள். அவளுக்கு வார்த்தை மாறினால் வேதமே மாறிய மாதிரி.

ரேனியஸ் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் காலத்தில் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் புதிதாகக் கிறிஸ்தவர் ஆனார்கள். அவர்களுக்குப் பழைய வார்த்தை பழக்கம் இல்லை. மாலையில் உபதேசியார் வாசிக்கும்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு முதலில் புரிய வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டர் மொழிக்கும் இதே கதை

இந்த வழக்கு வேதாகமத்தோடு முடிந்த வழக்கு அல்ல. இன்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதற்கென்றே மொழிகள் இருக்கின்றன. அந்த மொழிகளுக்கும் புதிய பதிப்புகள் வருகின்றன. புதிய பதிப்பை உடனே ஊருக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் சோதனைப் பதிப்பு வெளியிடுவார்கள். அதற்குப் பீட்டா என்று பெயர். விருப்பம் உள்ளவர்கள் அதை எடுத்து வேலை செய்து பார்த்து, எங்கே உதைக்கிறது என்று எழுதி அனுப்புவார்கள். பிழைகளைத் திருத்திய பிறகே முழுப் பதிப்பு வரும்.

அப்படிச் சோதித்தாலும் சண்டை ஓய்வது இல்லை. பைத்தான் என்ற மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. சோதனைப் பதிப்புகளுக்குப் பிறகுதான் வந்தது. ஆனாலும் பழைய பதிப்பில் எழுதியவை பல, புதியதில் அப்படியே ஓடவில்லை. அதனால் பலர் பழையதை விடவில்லை. பழைய பதிப்பை நிறுத்த 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புதியது நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பழையதை வைத்து வாழ்கிறவர்களுக்கும் வழி சொல்ல வேண்டும்.

ரேனியஸுக்குக் கிடைத்த பாடமும் அதுவே.

ஓயாத உழைப்பு

எதிர்ப்பு வந்ததே என்று அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1833-ம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் பூமிசாஸ்திரம் என்ற நூலை வெளியிட்டார். பூமி, கடல், தேசங்கள் பற்றித் தமிழ் வசனத்தில் சொன்ன முன்னோடி நூல் அது. 1834-ம் ஆண்டு அவருடைய தமிழ் இலக்கணம் வந்தது. அது ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம். தமிழ் படிக்க வந்த வெள்ளையர்கள் அதை வைத்துப் படித்தார்கள்.

1827-ம் ஆண்டு அவர் ஏற்படுத்திய கிராமம் டோனாவூர். பண உதவி செய்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்.

1835-ம் ஆண்டு அவருக்குச் சோதனை வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் சில முறைகளைக் குறை கூறி எழுதினார். அவரை அனுப்பிய சங்கம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுக்குப் போனார். நெல்லை ஜனங்களில் ஒரு பகுதியார் விடவில்லை; திரும்பி வரும்படி அழைத்தார்கள். அதே ஆண்டில் திரும்பி வந்து, சங்கத்தின் உதவி இல்லாமலே ஊழியத்தைத் தொடர்ந்தார்.

பழைய ஏற்பாட்டை முழுவதும் முடிக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. 1838-ம் ஆண்டு ஜூன் மாதம் 5-ந் தேதி பாளையங்கோட்டையில் காலமானார். வயது 47. அந்த மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின்

ரேனியஸ் தொடங்கிய வழக்கு அவரோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மற்றொரு மொழிபெயர்ப்பைச் செய்தார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். 1850-ம் ஆண்டு அது வெளிவந்தது. இதுதான் முடிவு என்று சொல்லி அதை வெளியிடவில்லை. சோதனைப் பதிப்பு என்ற பொருள்பட்ட பெயரோடுதான் வெளியிட்டார்கள். ஜனங்கள் வாசித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்பதே எண்ணம். சோதனையில் அது தேறவில்லை. பழைய பதிப்பிலிருந்து வெகு தூரம் போய்விட்டது என்று தமிழ்நாட்டில் ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகே ஒரு குழு கூடியது. தலைமை ஏற்றவர் பவர் பாதிரியார். இடையன்குடி கால்டுவெல்லும் பாளையங்கோட்டை சார்ஜெண்டும் அதில் இருந்தார்கள். தமிழ் உதவிக்கு முத்தையா பிள்ளை இருந்தார். யாழ்ப்பாணத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது. இயன்றவரை பெப்ரிஷியஸின் வார்த்தையைக் காப்பது, மாற்றினால்தான் பொருள் விளங்கும் என்ற இடத்தில் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் எடுத்துப் பார்த்த பதிப்புகளில் ரேனியஸின் பதிப்பும் ஒன்று.

அப்படியும் பெரிய மாற்றங்கள் இல்லாமல் இல்லை. பெப்ரிஷியஸ் எழுதிய பராபரன் என்ற சொல் போய், தேவன் என்ற சொல் வந்தது. ஆனால் இந்தத் தடவை பல ஊர்க்காரர்களும் கூடி இருந்து முடிவு செய்தார்கள். 1871-ம் ஆண்டு முழு வேதாகமம் வெளிவந்தது. பிராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருவது அந்தப் பதிப்புதான்.

ரேனியஸ் எழுதிய பதிப்பை இன்று யாரும் கையில் வைத்து வாசிப்பது இல்லை. ஆனால் வேதம் படிக்காத ஏழைக்கும் வாசித்தவுடன் விளங்க வேண்டும் என்று அவர் பிடித்த பிடி வீண் போகவில்லை. அவர் துணிந்து மாற்றினார். சாஸ்திரியார் துணிந்து தடுத்தார். பின்னால் வந்தவர்கள் இருவர் பேச்சையும் கேட்டு வேலை செய்தார்கள். அதனால்தான் அந்த வேலை நிலைத்தது.